வலது கைப் பக்கம் கதவு

சொந்த அப்பாவும் அம்மாவும் குடியிருக்கும் வீட்டின் மேல் புகார் கொடுக்க வந்த மகளை ஆதிரா அதுவரை பார்த்ததில்லை.

கேரளத்தில், பாறசாலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு பஞ்சாயத்தில் அவள் ஓவர்சியர். வீடு கட்ட அனுமதி கேட்பவர்களின் இடத்தைப் போய்ப் பார்ப்பது, வழிக்கு விட வேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்களா என்று டேப் பிடித்து அளப்பது, விடாதவர்களின் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பது, விழப்போகிற கட்டடங்களை இறக்கச் சொல்வது என்று அவள் நாள் ஓடும். அவள் ஸ்கூட்டர் ஒரு மதிலுக்கு வெளியே நின்றால் உள்ளே சிமெண்ட் குழைக்கிற சத்தம் தானாக நின்றுவிடும். புகார் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றித்தான் சொல்வார்கள். மதில் எங்கள் பக்கம் ஏறிவிட்டது, அவன் ஜன்னல் எங்கள் முற்றத்தைப் பார்த்துத் திறக்கிறது, அவன் வீட்டுக் கக்கூஸ் குழி எங்கள் கிணற்றுக்கு அருகில் இருக்கிறது.

லிஷா அப்படி வரவில்லை. வெள்ளறடையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். நாற்பது வயது கடந்திருக்கும். ஆதிராவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்க முன்சொவரு வழியப் பாத்து சாஞ்சு நிக்குது மேடம். அதுக்க ஓரமாத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய போகும். அலமாரிக்குப் பின்னால ஒரு வெடிப்பு. கை உள்ள போகும். எத்தனையோ தடவ அப்பாகிட்ட சொல்லியாச்சு. கேக்கமாட்டாரு. நீங்க நோட்டீஸ் குடுத்தா கேப்பாரு."

"அம்மா?"

லிஷா மடியிலிருந்த பையைப் பார்த்தாள். "அம்மைக்கு ஓர்ம இல்ல. என்னையே சில நேரம் யாருன்னு கேப்பாங்க."

எழுந்து போகும்போது வாசலில் திரும்பி நின்றாள். "நாந்தான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லண்டாம் மேடம்."

மறுநாள் காலை ஆதிரா போனாள். இரண்டு பக்கமும் மதில் கட்டிய ஒடுங்கிய வழி. ஆட்டோ ஒன்று வந்தால் எதிரே வருகிறவர் மதிலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மண்கட்டியில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய ஓட்டு வீடு. வாசல்படி நேராக வழியில் இறங்கியது. முன்சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. சாய்வை அளக்க ஆதிராவுக்குத் தூக்குக்குண்டு தேவைப்படவில்லை. வழியில் நின்று பார்த்தபோதே ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

லிஷாவின் அப்பா ராஜதாஸ் படியில் நின்றார். பாறசாலை டிப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரமான, தோள் அகன்ற மனிதர்.

"யாரு பறஞ்சா?" என்று கேட்டார்.

"பஞ்சாயத்துக்குத் தெரிய வந்தா நாங்க பாக்கணும் மாமா." ஆதிராவின் வீடு பாலராமபுரத்துப் பக்கம். அப்பா வழியில் மலையாளம், அம்மா வழியில் தமிழ். எதிரே நிற்கிறவர் எதில் பேசுகிறாரோ அதில் அவள் வாய் தானாகத் திரும்பும்.

அவருக்குப் பின்னாலிருந்து மனைவி சுகிர்தபாய் வந்தார். வெள்ளைத் தலைமுடி ஒழுங்காக வாரிக் கட்டியிருந்தது. யார் வாரி விட்டார்கள் என்பது ராஜதாஸின் கையிலிருந்த சீப்பைப் பார்த்தால் தெரிந்தது.

"ஆனந்தபாயா? இப்பமாக்கும் வாறியா?" சுகிர்தபாயின் முகம் மலர்ந்தது. "என்னத்துக்கு வெளிய நிக்க? உள்ள வா மக்கா."

ஆதிரா ராஜதாஸைப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்க கூடப் படிச்ச பிள்ள. அது செத்துப் போயி கொறே காலமாச்சு. நீங்க ஆமான்னு சொல்லிட்டு வாங்க."

ஆதிரா ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆபத்தான கட்டடம் என்று எழுத வேண்டுமானால் வீடு இருக்கிறபடி அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. ராஜதாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுகிர்தபாய்தான் வந்து நுனியை வாங்கிச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடித்தார். அறைக்கு அறை கூடவே வந்தார். ஆதிரா விடச் சொல்லும்வரை விடவில்லை. டேப் சுருண்டு ஓடி வரும்போதெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தார்.

வழியோரமாக ஒரு முன்னறை. அதை ஒட்டி உள்ளறை, அதில் கட்டில். கட்டிலிலிருந்து எழுந்தால் வலது கைப் பக்கம் ஒரு கதவு. அதிலிருந்து ஒரு ஒடுங்கிய நடை. நடையின் பாதியில் அடுக்களை, முடிவில் கக்கூஸோடு சேர்ந்த குளிமுறி. ஆதிரா நேராகப் போய் அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். லிஷா சொன்ன வெடிப்பு அங்கே இருந்தது.

அளந்து முடித்ததும் ஆதிரா சொன்னாள். "இனி இந்த வீட்ல தாமசிக்கப்பிடாது மாமா. மழைக்கு முந்தி மாறணும்."

ராஜதாஸ் கோபப்படவில்லை. அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இது எனக்க வீடு இல்ல மேடம். இவளுக்க அப்பன் கெட்டினது. இவ அந்த உள்ளறையில பொறந்தவ. நான் கல்யாணம் களிஞ்சு இஞ்ச வந்தவனாக்கும். இவளுக்கு எனக்க பேரு சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஆனா வெளிச்சம் இல்லாட்டியும் தனியா எழும்பி குளிமுறிக்குப் போயிட்டு வந்து கெடப்பா. யாரும் கையப் பிடிக்கண்டாம். அது ஒண்ணுதான் இவகிட்ட மிச்சம் இருக்கு. அதையும் எடுக்கணுமா?"

வெளியே வழியில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவன் முன்சுவரைக் குச்சியால் தட்டிக்கொண்டே ஓடினான்.

"சொவருக்கு யாரையும் தெரியாது மாமா," என்றாள்.

நோட்டீஸ் போயிற்று. ராஜதாஸ் வாங்கிக்கொண்டார், மாறவில்லை. ஆதிரா மறுபடி போனாள். அவர் தென்னந்தடிகளை வெட்டிச் சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அது போதாது என்று அவள் சொன்னாள். அவருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகளை மேட்டு வழியாக அனுப்பச் சொன்னாள். வழியின் குறுக்கே சிவப்பு நாடா கட்டினாள். சுகிர்தபாய் அதை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, அடுத்த தடவை வந்தபோது அவளிடமே கொடுத்தார். அவள் மறுபடி கட்டினாள்.

தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழை பிடித்த வாரத்தில் ஒரு முற்பகல், சுவர் விழுந்தது.

போன் வந்ததும் ஆதிரா மழைக்கோட்டைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினாள். வழி முழுவதும் மண்ணும் ஓட்டுத் துண்டும். முட்டுக் கொடுத்த தடிகள் தீக்குச்சி போலக் கிடந்தன. பிள்ளைகள் பள்ளிக்குள் இருந்த நேரம். முன்னறையில் யாரும் இல்லை. ராஜதாஸ் எதிர் மதிலோரமாகச் சுகிர்தபாயைத் தோளோடு அணைத்துக் குடை பிடித்து நின்றார். குடை முழுவதும் அவர் மனைவியின் தலைக்கு மேல் இருந்தது.

சுகிர்தபாய் திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய சேலை ஒன்று கொடியில் நனைந்துகொண்டிருந்தது.

"பாவம்," என்றார். "யாருக்க வீடு ஓய் இது?"

ராஜதாஸ் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். "தெரியல்ல," என்றார்.

அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை ஆதிராதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மத்தியானம் லிஷா கார் எடுத்துக்கொண்டு வந்தாள். துணிகளையும் மருந்துகளையும் ஒரு பைபிளையும் எடுத்து வைத்துவிட்டு அவர்களை வெள்ளறடைக்குக் கூட்டிப் போனாள். கார் கிளம்பும்போது சுகிர்தபாய் ஜன்னல் வழியாக ஆதிராவுக்குக் கை காட்டினார், விருந்துக்குப் போகிறவர் போல.

மழை சற்று விட்டதும் மீதி வீட்டையும் இறக்கினார்கள். பஞ்சாயத்து உத்தரவு என்பதால் ஆதிரா நிற்க வேண்டும். இயந்திரத்தின் கை உள்ளறைச் சுவரைத் தொட்டதும், அது அதிகம் எதிர்க்காமல் உட்கார்ந்துவிட்டது. அந்த வழியில் குடியிருந்த தாய்மார் வந்து நன்றி சொன்னார்கள். ஒருத்தி ஒரு பலாச்சுளைப் பொதியை அவள் ஸ்கூட்டரில் மாட்டிவிட்டாள். இத்தனை வருஷ வேலையில் அவளுக்கு அப்படி யாரும் எதுவும் கொடுத்ததில்லை. இருந்தும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு மனசு சரியில்லை.

சில வாரங்கள் கழித்து லிஷா போன் செய்தாள். "ஒருக்கா வீட்டுக்கு வர முடியுமா மேடம்? பஞ்சாயத்துக் காரியம் இல்ல," என்றாள்.

வெள்ளறடையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே லிஷாவின் வீடு. மாடி வீடு, நல்ல வெளிச்சம், பளபளக்கும் டைல்ஸ் தரை. ராஜதாஸ் முன்னறை நாற்காலியில் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். அந்த அகன்ற தோள்கள் உள்ளே ஒடுங்கிவிட்டாற்போல் இருந்தது.

"தரையில தண்ணி கெடக்குன்னு நெனச்சு காலத் தூக்கித் தூக்கி வைக்காங்க," லிஷா அடுக்களையில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "குளிமுறி இடது பக்கம். கதவுல படம் வரஞ்சு ஒட்டியாச்சு, லைட்டு அணைக்கதே இல்ல. ஒண்ணும் நடக்கல்ல. தேடித் தேடி நின்ன எடத்துலயே ஆயிப் போகும். அதுக்குப் பிறகு வெக்கப்பட்டு அழுவாங்க. ஓர்ம இல்லாத ஆளு மேடம், ஆனா வெக்கம் மட்டும் போகல்ல." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் அந்தப் புகார் குடுத்திருக்கண்டாம்."

"குடுத்ததுனாலதான் ரெண்டு பேரும் இருக்காங்க," என்றாள் ஆதிரா. சொல்லும்போதே அது போதாத பதில் என்று தெரிந்தது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. ஆதிரா கதவோரமாக நின்று பார்த்தாள். சுகிர்தபாய் எழுந்து உட்கார்ந்தார். கால்களைத் தரையில் வைத்தார். தயங்காமல் வலது பக்கம் திரும்பினார். வலது கையை நீட்டிக்கொண்டு நடந்து சுவரில் போய் முட்டினார். வெறும் சுவர். உள்ளங்கையால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"கதவ எங்க கொண்டு வச்சினும்?" என்று சுவரிடமே கேட்டார்.

லிஷா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஆதிரா நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த நடை அவளுக்குத் தெரியும். பார்த்ததில்லை, வரைந்திருக்கிறாள். கட்டில், வலப்பக்கம் கதவு, ஒடுங்கிய நடை, முடிவில் குளிமுறி. அறிக்கைக்காகப் போட்ட வரைபடம் அவள் போனில் இருந்தது. எடுத்துக்கொண்டு ராஜதாஸிடம் போனாள்.

"மாமா, அம்மாவுக்கு வழி தப்பல்ல. செரியாத்தான் போறாங்க. கதவுதான் அங்க இல்ல."

அவர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் நடையின் கோட்டைத் தொட்டபோது படம் பெரிதாகி ஓடிவிட்டது. ஆதிரா மறுபடி சரி செய்து கொடுத்தாள்.

"இதே மாதிரி திருப்பிக் கெட்டலாமா?" என்று கேட்டார். "விடுவியளா?"

"நான் பிளான் வரைஞ்சு தரப்பிடாது மாமா. அனுமதிக்குச் சோதிக்கிற ஆளே வரையப்பிடாது. பாறசாலையில லேகான்னு ஒரு லைசென்ஸ்காரி உண்டு, அவங்க வரைவாங்க. விதிக்கு ஒத்து வந்தா நான் தடுக்கமாட்டேன்."

லிஷாவுக்கு அது பிடிக்கவில்லை. "இனியும் ரெண்டு பேரையும் தனியா விட்டா நான் எப்படி ஒறங்குவேன்? இந்த வீட்ல என்ன கொறவு?"

"ஒனக்க வீடு நல்ல வீடாக்கும் மக்கா," என்றார் ராஜதாஸ். "அவ இஞ்ச அழுதா. அது ஒண்ணுதான் கொறவு." பிறகு சாதாரணமாகச் சொன்னார். "மேடம் வந்து நேரா அலமாரிக்குப் பின்னால பாத்த அண்ணைக்கே எனக்குத் தெரியும். அங்க வெடிப்பு உண்டுன்னு ஒன்னத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

லிஷாவின் முகம் வெளுத்தது. "அப்பா..."

"நீ செய்யாட்டி எனக்குப் புத்தி வந்திருக்காது. அந்த நோட்டீஸ் வந்ததுக்குப் பெறவுதான் அவள முன்னறையில இருக்க விடாம உள்ள இருத்தினேன். அந்தச் சொவரு விழுந்த நேரம் அவ சாதாரணமா படியில இருக்க நேரம்." அவர் மகளின் தலையைத் தொட்டார். "நீ செஞ்சது செரி. இப்பம் நான் கேக்கதையும் செய்."

லேகா கெட்டிக்காரி. ஆனாலும் அந்தப் பிளானோடு அவள் நான்கைந்து தடவை பஞ்சாயத்துக்கு ஏறி இறங்கினாள். பழைய வீட்டை அப்படியே கட்டினால் விதி ஒத்துக்கொள்ளாது. நடை ஒடுக்கம். அடுக்களையில் காற்றோட்டம் போதாது. குளிமுறிக் கதவு குறுகல். வருஷக் கணக்காகப் பிளான்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய ஆதிரா, முதல் முறையாக ஒரு பிளானை எப்படி உள்ளே கொண்டுவரலாம் என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வரைய மட்டும்தான் அவளுக்குத் தடை. யோசிக்கத் தடை இல்லை.

"அம்மா எந்தச் சுவரைத் தொட்டுக்கிட்டுப் போவாங்க?" என்று லேகா கேட்டாள்.

"வலது."

"அப்ப வலது சுவர் இருக்கிற எடத்துல இருக்கட்டும். இடது சுவரைத் தள்ளிக்கலாம். நடை அகலமாயிடும், அவங்க கைக்கு ஒண்ணும் மாறாது."

அப்படி ஒவ்வொன்றாக ஒத்து வந்தது. தரைக்கு டைல்ஸ் வேண்டாம், பழையபடி பளபளப்பில்லாத சிவப்புத் தரை. ஜன்னலைப் பெரிதாக்கலாம், ஆனால் கிழக்கே இருந்தது கிழக்கேதான். ஒன்று மட்டும் ஒத்து வரவில்லை. அதற்காக ராஜதாஸே ஆபீசுக்கு வந்தார்.

"முன்வாசல் மட்டும் பழைய எடத்துல இருக்கட்டும் மேடம். அவ படியில இருந்து போறவங்க வாறவங்ககிட்டப் பேசுவா. அது அவளுக்கு ஒரு சந்தோஷம். முன்னறை ஒண்ணுதான். யாருக்கு நஷ்டம்?"

ஆதிரா பேனாவை மூடி வைத்தாள். இந்த மனிதருக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையே இல்லை.

"அது முடியாது மாமா. வழிக்கு விட வேண்டிய இடத்த விட்டே ஆகணும்."

"எனக்கு வேண்டி இல்ல, அவளுக்கு வேண்டியாக்கும்."

"தெரியும். உங்களுக்கு விட்டா அந்த வழியில இனி கெட்டுற எல்லாருக்கும் விடணும். அந்த வழியில ஆம்புலன்ஸ் நுழையாது. அண்ணைக்கு மழையில நான் பாத்துக்கிட்டு நின்னேன். அம்மா மேல சொவரு விழுந்திருந்தா, அவங்களத் தூக்கிக்கிட்டு மெயின்ரோடு வரைக்கும் ஓடியிருக்கணும். ஒவ்வொரு வீடா பின்னால போனாத்தான் வழி அகலும். உங்க வீடு மொதல்ல போட்டும்."

ராஜதாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பஸ் ஓட்டியவர். ஒடுங்கிய வழியில் எதிரே வண்டி வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப வீட்டப் பின்னால தள்ளுங்க. ஆனா ஒக்கத் தள்ளணும். ஒண்ண விட்டுட்டு ஒண்ணு தள்ளப்பிடாது. கதவும் ஜன்னலும் அடுக்களையும் சேந்து போணும்."

அப்படியே வீடு ஒரு பெட்டியைப் போலப் பின்னால் நகர்ந்தது. பின்னால் நின்ற அயனி மரத்தை வெட்ட வேண்டி வந்தது. கக்கூஸ் குழியை வேறு இடத்தில் தோண்ட வேண்டி வந்தது. ராஜதாஸ் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

வேலை நடந்த மாதங்களில் அவர் தினமும் வெள்ளறடையிலிருந்து பஸ் ஏறி வந்தார். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய அன்று ஆதிரா போய்ப் பார்த்துச் சரி என்றாள். சுவர் இடுப்பு உயரம் வந்தபோது இன்னொரு தடவை போனாள். அன்று கண்ட காட்சியை அவள் வீட்டிலும் ஆபீசிலும் யாரிடமும் சொல்லவில்லை. ராஜதாஸ் உள்ளறை இருக்கும் இடத்தில் ஒரு கட்டைப் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எழுந்தார். வலது பக்கம் திரும்பி, வலது கையை நீட்டி, சின்னச் சின்ன அடியாக, மனைவி நடப்பது போல நடந்தார். கதவு நிலையின் ஓரம் வர வேண்டிய இடத்தில் கை வெறும் காற்றைத் தொட்டது. நின்று, கண்ணைத் திறக்காமல், "ஒரு சாண் இஞ்சோட்டு," என்றார். மேஸ்திரி முதல் நாள் சிரித்தாராம். இப்போது சிரிக்கவில்லை. சாந்து காய்வதற்குள் கல்லை நகர்த்தி வைத்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்து, வெயில் தெளிந்த ஒரு காலையில் வீடு முடிந்ததைச் சோதிக்க ஆதிரா போனாள். அவள் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் வீட்டுக்கு நம்பர் கிடைக்கும், குடியேறலாம். லிஷா லீவு போட்டு அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். ஆதிரா வழியிலிருந்து வாசல்வரை அளந்தாள். விட வேண்டிய இடம் இருந்தது. குழி, கிணறு, நடை, ஜன்னல் எல்லாம் சரியாக இருந்தன. அவளுடைய வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவள் கிளம்பவில்லை.

சுகிர்தபாய் முற்றத்தில் நின்று உள்ளே வர மறுத்தார். பெயிண்ட் வாசம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது ஆசுபத்திரியாக்கும். எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போலாம்."

லிஷா கெஞ்சினாள். பயனில்லை. ராஜதாஸ் அவரை முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வழியில் போன ரத்னபாய் என்கிற எதிர்வீட்டுப் பெண்மணி, பழைய பழக்கத்தில் படியைத் தேடிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு முன்னால் கிடந்த புதிய இடத்தில் ஏறி வந்தாள். நின்று பேசினாள், பிறகு மண்ணிலேயே உட்கார்ந்தாள். மரச்சீனிக் கிழங்கு விலை, சபையில் புதிதாக வந்த பாட்டு மாஸ்டர் என்று பேச்சு ஓடியது. சுகிர்தபாய்க்கு அதில் பாதி புரிந்ததோ என்னவோ, எல்லாவற்றுக்கும் சிரித்தார். களைப்பு வந்ததும் தானே எழுந்து, ராஜதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய், தன்னுடைய பழைய கட்டிலில் சாய்ந்தார்.

மற்றவர்கள் அடுக்களையில் நின்றார்கள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்ததும் லிஷா அடுப்பை அணைத்தாள்.

கட்டில் கிரீச்சிட்டது.

நடைக்குள் ஒரு கை சுவரை உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. தடவித் தேடும் கை அல்ல, துணியால் துடைத்துக்கொண்டு போகிறது போல ஓடும் கை. சுகிர்தபாய் அடுக்களை வாசலைக் கடந்தார். இவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளிமுறிக் கதவு சாத்தும் சத்தம். சற்று நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

லிஷா ஆதிராவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்ததில் வளையல் அழுந்தியது. ஆதிரா கையை இழுக்கவில்லை. ராஜதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் திரும்பிவிடவில்லை. அந்த வீட்டுக்கு வந்த பிறகும் சாயங்காலமானால் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று சுகிர்தபாய் கேட்பார். அவருக்கு எந்த வீடு வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. இருட்டுமுன் ராஜதாஸ் அவரைக் கூட்டிக்கொண்டு வழியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இதோ வந்தாச்சு," என்று அதே வீட்டுக்குள் அழைத்து வருவார். லிஷா வாரக் கடைசியில் வந்து தங்குவாள். ஆனால் குளிமுறிக்குப் போக அந்த அம்மாவின் கையை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் அதற்காக அழவும் இல்லை.

அன்று சுகிர்தபாய் திரும்பி வந்து அடுக்களை வாசலில் நின்று, கூட்டத்தைப் பார்த்தார்.

"இத்தன பேரு நிக்குது, ஒரு சாயா போட ஆளில்லையா?"

லிஷா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். லிஷா கொண்டு வந்து முன்னறையில் வைத்திருந்த பாலை எடுக்க ராஜதாஸ் போனார். போகும்போது கதவில் குனிந்தார். பழைய வீட்டில் கதவுகள் எல்லாம் தாழ்வு. கல்யாணமாகி வந்த நாள் முதல் குனிந்து குனிந்துதான் அவர் அந்த வீட்டுக்குள் நடமாடினார். புதிய கதவு விதிப்படி வைத்தது. அவர் தலைக்கு மேலே இன்னும் ஒரு சாண் இடம் கிடந்தது. பாலோடு திரும்பும்போதும் குனிந்தார்.

சுகிர்தபாய் அதைக் கண்டுவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இந்தாளு என்னத்துக்குக் குனியுதாரு? நல்ல ஒயரம் உண்டே. நிமிந்து வாரும்."

ராஜதாஸ் நின்று மேலே பார்த்தார். வெட்கப்பட்டது போலத் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு மனைவி சொன்னபடி வாசலுக்கு வெளியே போய், நிமிர்ந்து, முழு உயரத்தோடு உள்ளே வந்தார். பால் பாத்திரத்தை லிஷாவிடம் கொடுத்தார். ஆதிராவுக்கு உட்கார நாற்காலி எடுக்க உள்ளறைக்குத் திரும்பினார். அந்தக் கதவில் மறுபடியும் குனிந்தார்.